மம்பட்டி மேடமும் நெருப்பெரிச்சல் வரிசையும்

எங்கள் கல்லூரியில் படித்தவர்களை இனி உலகத்தில் எதுவும் அதிர வைக்க முடியாது. நிலம் நடுங்கினாலும் "சரி, அடுத்தது என்ன" என்றுதான் கேட்போம். ஒரு மனுஷருக்கு ஆயுசுக்கும் சேர்த்து ஒதுக்கிய அதிர்ச்சியை மூன்றே வருடத்தில் எங்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார் ஒருவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிற கிளார்க்குக்கு மட்டும் அது தெரியும். வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை மற்ற எல்லோருக்கும் அவர் மம்பட்டி மேடம்.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். கரும்பலகையின் பாதி உயரத்துக்கு மேல் அவரால் எழுத முடியாது. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ. மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களுக்குப் பொருளாதாரம் நடத்தினார். மற்ற டீச்சர்கள் வண்டியில் டிபன் பாக்ஸ் மாட்டும் இடத்தில், இவர் தன் மொபெட்டில் ஒரு மம்பட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ரோட்டுல எங்காச்சும் தேவைப்படுமுங்க" என்பார். தேவைப்பட்டது. மழைக்காலத்தில் பஸ் ஸ்டாப்பில் தண்ணீர் தேங்கினால் பத்துப் பேர் நகராட்சியைத் திட்டிக்கொண்டு நிற்பார்கள். இவர் இறங்கி வாய்க்கால் வெட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு முதல் பீரியடுக்கு வந்துவிடுவார்.

இதைவிடப் பெரிய விஷயம் அவருடைய மரியாதை. கொங்கு நாட்டில் மரியாதை ஒன்றும் புதிதல்ல. ஆனால் மேடத்தினுடையது வேறு ரகம். கல்லூரி வாசலில் படுத்திருக்கும் நாயிடம், "சித்த அக்கட்டால போறீங்களா" என்பார். நாய் எழுந்து போகும். எவ்வளவுக்கு எவ்வளவு குரல் குழைகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு பயங்கரமான காரியம் ஒன்று வருகிறது என்பதை நாங்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. திருப்பூரில் திரும்பின பக்கமெல்லாம் புதுக் கம்பெனி முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரியும் அப்படி முளைத்ததுதான். கட்டிடம் புதுசு, பெயிண்ட் புதுசு, ஆனால் பேர் வரவில்லை. பெரிய படிப்பாளிகள் அடங்கிய குழு ஒன்று வந்து பார்த்துத் தர அங்கீகாரம் கொடுத்தால்தான் பேர் வரும். மாணவர்கள் ஊருக்குள் போய்ச் சேவை செய்து அதிலிருந்து பாடம் படிக்கிறார்களா என்றும் அந்தக் குழு பார்க்குமாம். அதனால் எங்கள் செட்டிலிருந்து வாரம் ஒரு மதியம் சேவை வகுப்பு என்று ஆனது. அதில் தேறாவிட்டால் டிகிரி கிடையாது. வேறு யாரும் முன்வராததால் பிரின்சிபால் அந்த வகுப்பை மம்பட்டி மேடத்திடம் கொடுத்தார். அந்த முடிவை நினைத்து அவர் பின்னாளில் எத்தனை முறை சுவரில் முட்டிக்கொண்டாரோ, தெரியாது.

முதல் வகுப்பு. மேடம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"சேவைன்னா என்னங்க கண்ணு?"

என் பக்கத்து பெஞ்சு கார்த்தி எழுந்தான். அவன் அப்பாவுக்கு இரண்டு பனியன் கம்பெனி. "ஊர்வலம் போறதுங்க மேடம்."

"போயி?"

"பேனர் புடிச்சுட்டுப் போட்டோ எடுத்துக்கறதுங்க."

"அப்பறம்?"

"ஜூஸ் குடுப்பாங்க மேடம்."

மேடம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "நல்லதுங்க. எல்லாரும் எந்திரிச்சு வாங்க. டவுன் பஸ்ஸு வந்துரும்."

பஸ் நெருப்பெரிச்சலில் இறக்கிவிட்டது. அங்கே பனியன் கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு லைன் வீடு. ரயில் பெட்டி மாதிரி ஒரே வரிசையில் அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், சிலவற்றில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் ஐந்தாறு பேர். மொத்தத்துக்கும் ஒரு குழாய். நாங்கள் சும்மா போகவில்லை. ஊர்வலம்தான் இருக்கும் என்று நம்பிச் சுத்தம் பற்றி கார்த்தி சார்ட்டெல்லாம் எழுதி எடுத்து வந்திருந்தான். வாசலில் கூடின பெண்களுக்கு, சாப்பிடுவதற்கு முன்பும் வெளியே போய் வந்த பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று கணீரென்று எடுத்துச் சொன்னான். நானே கைதட்டினேன்.

கூட்டத்தில் செல்வி அக்கா என்று ஒருவர் இருந்தார். தேனிப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுபவர். முழுசும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கை கழுவுறது இருக்கட்டும் தம்பி. நாங்க எங்கிட்டுப் போயிட்டு வந்து கழுவுறது?"

கார்த்தி சார்ட்டைப் பார்த்தான். அதில் பதில் இல்லை.

அந்த லைனில் கழிப்பறையே கிடையாது. விடிவதற்கு முன் பெண்கள் சேர்ந்து பின்னால் இருந்த சீமைக்கருவேலங்காட்டுக்குப் போய் வந்திருக்கிறார்கள். அந்தக் காட்டைத்தான் முந்தின வாரம் புல்டோசர் வந்து வழித்துப் போட்டிருந்தது. இன்னொரு கம்பெனி வருகிறதாம். இனிமேல் இன்னும் தள்ளி, ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும்.

"வேலைக்குப் போற எடத்துல இருக்குமில்லைங்க?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு. தையல் லைன விட்டு எந்திரிச்சா சூப்பர்வைசர் கடிகாரத்தப் பாப்பாரு. அதுனால தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டோம். பழகிருச்சு."

எங்கள் வீடு நல்லூரில். வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு அப்பா தையல் மிஷின்கள் வைத்திருந்தார். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். எங்கள் ஷெட்டில் தைக்கிற அக்காக்களில் யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நான் பார்த்திருக்கிறேனா என்று அங்கே நின்றபடி யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசுகிற தொனியில் சொன்னார். "அடுத்த வாரம் பழைய துணி போட்டுட்டு வாங்க கண்ணு. குழி வெட்டோணும்."

ஆனால் இடம் வேண்டுமே. அது யார் லைன் என்று விசாரித்ததில்தான் அடுத்த அதிர்ச்சி. சொந்தக்காரர் எங்கள் கல்லூரியின் செயலாளரேதான். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், வருகிறபோது பிரின்சிபால் ஓடிப்போய்க் கதவைத் திறப்பாரே, அவர்தான். மேடம் மூன்று முறை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டார். மூன்று முறையும் மோர் கொடுத்து அனுப்பினார்கள். கழிப்பறை கட்டினால் அந்த இடத்தில் ஓர் அறை குறையும் என்பது அவர் கட்சி.

இத்தோடு போச்சு என்று நினைத்தோம். அப்போதுதான் கல்லூரி ஆண்டு விழா வந்தது. மேடை நிறையப் பெரிய மனிதர்கள், முன்வரிசை நிறையப் பெற்றோர்கள். நன்றியுரை மேடம். எல்லோருக்கும் முறையாக நன்றி சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் செயலாளர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"நம்ம செயலாளர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலீங்க. நெருப்பெரிச்சல்ல அவங்க லைன் ஊட்டுல குடியிருக்கற பொம்பளைங்க ஒதுங்க எடமில்லாம கஷ்டப்படறாங்கன்னு கேள்விப்பட்டு, கக்கூஸ் கட்டறதுக்கு அவங்க எடத்தையே குடுக்கறாங்க. கட்டறது நம்ம பசங்க. இப்படிப்பட்ட மனசு யாருக்கு வருமுங்க."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செயலாளரின் முகம் மேடை விளக்கில் பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறித் தெரிந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் எழுந்து, கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தான் கொடுத்த இடத்தைப் பற்றி மைக்கில் கேட்டுத் தெரிந்துகொண்ட வள்ளல் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அடுத்த வாரமே குழி வெட்ட ஆரம்பித்தோம். அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேலே ஒரு சாண் செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. கடப்பாறை போட்டால் பொறி பறக்கும். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் நாங்கள். முதல் நாளே உள்ளங்கையெல்லாம் கொப்புளம். பையன்களை வெட்டச் சொல்லிவிட்டுப் பெண்கள் நாங்கள் நிழலில் நின்றோம். மேடம் வந்தார்.

"ஏனுங்க கண்ணு, குழி ஆம்பளைக்கு மட்டும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப சித்த எறங்கறீங்களா?"

சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினோம். செங்கல் கார்த்தி வீட்டிலிருந்து வந்தது. அவன் அப்பா புது ஷெட் கட்டியதில் மிச்சம். ஒரு மேஸ்திரி மட்டும் வெளியாள். கலவை போட்டது, கல் சுமந்தது எல்லாம் நாங்கள்.

விஷயம் வீடுகளுக்குத் தெரிந்தது. ஒரு காலைப் பொழுதில் பெற்றோர்கள் கூட்டமாகக் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கி வந்தது யாரென்று பார்த்தால் எங்கள் அம்மா. எனக்குக் காலடியில் பூமி நழுவியது. பிரின்சிபால் அறையில் நின்ற இடத்திலேயே அம்மா பேச ஆரம்பித்தார்.

"பொட்டப்புள்ளயக் காலேசுக்கு அனுப்பினது கக்கூஸ் குழி வெட்டறதுக்குங்களா? நாளைக்கு நாலு ஊட்டுல இருந்து பொண்ணு கேட்டு வருவாங்க. என்ன படிச்சிருக்குதுன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

பின்னால் நின்ற ஒரு பெரியவர் அதைவிடக் கனமாக ஒன்றைப் போட்டார். "எங்க ஆளுங்க இந்த வேலையெல்லாம் செய்யறதில்லீங்க. இதுக்குன்னு வேற ஆளுங்க இருக்கறாங்க."

பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். மேடம் அந்தப் பெரியவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு அத்தனை குழைவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, உங்க ஆளுங்க போறதே இல்லீங்களா?"

அந்தப் பெரியவர் தண்ணீர் டம்ளரை வாய் வரை கொண்டு போனவர் குடிக்காமலே கீழே வைத்தார். எங்கள் அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். தலைமையே வெளியேறிய பிறகு படை என்ன செய்யும்? கலைந்தது.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனேன், வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக. அம்மா என்னைத் திட்டவில்லை. செல்வி அக்கா சொன்னதை ஒன்று விடாமல் கேட்டார். கேட்டுவிட்டு ஷெட்டுக்குள் போனார். கழிப்பறைக்குப் போகிற எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு அதுவரை தைக்கிற அக்காக்களுக்குப் பூட்டியே இருக்கும். அதைத் திறந்து, சாத்தாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டு வந்தார். ஒரு பானைத் தண்ணீரையும் கொண்டுபோய் ஷெட்டில் வைத்தார். அப்பா என்ன என்று கேட்டதற்கு, "காத்து வரட்டும்னு தொறந்தேன்" என்றார்.

செமஸ்டர் முடிவில் மேடம் இன்னொன்று செய்தார். சேவை வகுப்பு என்றால் செய்தால் மட்டும் போதாது, அதில் என்ன படித்தோம் என்பதும் வேண்டும் என்று பரீட்சை வைத்தார். கேள்வித்தாளைப் பிரித்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் கேள்வி: "செல்வி வேலை செய்யும் கம்பெனி அவருடைய தாகத்தினால் அடையும் லாபம் என்ன? பொருளாதார நோக்கில் விளக்குக." கேள்வித்தாள் கை மாறி மாறிப் பிரின்சிபால் மேசைக்குப் போய்விட்டது. அவர் அதைப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் தனியாக இருந்தார் என்று பியூன் சொன்னார். கார்த்தி அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி எழுதினான். வேறெந்தப் பரீட்சையிலும் அவன் அடிஷனல் ஷீட் வாங்கி யாரும் பார்த்ததில்லை. எழுதியதை வீட்டில் அவன் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறான். அப்பாவும் பிள்ளையும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவர்கள் கம்பெனியில் லைனை விட்டு எழுந்து போனால் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று சூப்பர்வைசர்களுக்குச் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

கடைசியில் அந்தக் குழு வருகிற நாள் வந்தது. பிரின்சிபால் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. வராந்தா முழுக்கப் பூந்தொட்டி. குழுவுக்குக் காட்டுவதற்கென்று பழைய ஊர்வலப் போட்டோக்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார். கழிப்பறை விஷயம் வாயிலும் வரக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. மம்பட்டி மேடத்தைக் கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாராம்: "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க லீவு எடுத்துக்கங்க மேடம். ரெஸ்ட் எடுங்க."

"ஆகட்டுங்க சார்" என்றார் மேடம்.

அவ்வளவு சுலபமாக அவர் சம்மதித்தபோதே பிரின்சிபால் உஷாராகியிருக்க வேண்டும்.

குழுவின் தலைவர் சென்னையிலிருந்து வந்த ஓய்வு பெற்ற பேராசிரியர். ஒல்லியாக, கோட்டு போட்டு, சிரிக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் போல இருந்தார். லேப் பார்த்தார், லைப்ரரி பார்த்தார். மதியம் வாழை இலையில் கொங்கு விருந்து. மிளகாய் அள்ளிப் போட்ட நாட்டுக்கோழி வறுவலை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார் என்று பிரின்சிபாலுக்கு ஒரே மகிழ்ச்சி. சாப்பிட்ட கையோடு தலைவர் ஊர்வலப் போட்டோக்களின் முன் நின்றார்.

"இதெல்லாம் சரி. உங்க ஸ்டூடண்ட்ஸ் வேலை செஞ்ச இடம் ஒண்ணைக் காட்டுங்க. நேர்ல பார்க்கணும்."

காட்டுவதற்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? கல்லூரி வேன் நெருப்பெரிச்சலுக்குக் கிளம்பியது. விவரம் சொல்லட்டும் என்று கார்த்தியையும் என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். பிரின்சிபால் வழி நெடுக வேர்வை துடைத்தார். தலைவருக்கும் வேர்த்தது. ஆனால் அது வேறு வேர்வை என்று பாதி வழியில்தான் எனக்குப் புரிந்தது. நாட்டுக்கோழி வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் வேன் குதிக்கும்போது அவர் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லைன் வீட்டு வாசலில் இறங்கினால், லீவு போட்ட மம்பட்டி மேடம் கழிப்பறைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்றார், வீட்டுக்கு வந்த ஒறம்பரையைக் கூப்பிடுகிற மாதிரி.

தலைவர் பிரின்சிபாலின் காதில் ஏதோ சொன்னார். பிரின்சிபாலின் முகம் வெளிறியது. ஏனென்றால் கழிப்பறைக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. சாயந்திர ஷிப்டுக்குப் போகிற நேரம். கையில் வாளியும் குடமுமாகப் பெண்கள். பக்கத்தில் ஆண்களுக்கான கதவு அன்றைக்கென்று பார்த்துக் கழற்றி வைக்கப்பட்டு, பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அதனால் இருந்த ஒன்றுக்கே எல்லோரும்.

பிரின்சிபால் முன்னால் ஓடினார். "ஏம்மா, கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா. பெரிய ஆபீசர் வந்திருக்காரு."

வரிசையின் நடுவில் செல்வி அக்கா நின்றார். ஒரு அடிகூட நகரவில்லை.

"சார், எல்லாருக்கும் அவசரந்தேன். ஷிப்டுக்குப் போகணும்ல. வரிசையில வரச் சொல்லுங்க."

பிரின்சிபால் மேடத்தை உதவிக்குப் பார்த்தார். மேடம் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, தலைவருக்கு முன்னால் நின்று கும்பிட்டார். குரல் குழைந்தது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இங்க யாரா இருந்தாலும் வரிசைதானுங்க. இவங்களே வெச்ச சட்டம். சித்த நிக்கறீங்களாங்க?"

எங்கள் கல்லூரியின் அங்கீகாரம் என் கண் முன்னாலேயே வாளியோடும் குடத்தோடும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிரின்சிபால் அங்கிருந்த துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் ஒரு நிமிடம் மேடத்தைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

அவருக்கு முன்னால் நின்ற செக்கிங் வேலைக்குப் போகும் சின்னப் பெண்ணுக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது போல. "ரொம்ப முடியலைங்களா?" என்று கேட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

"வயித்த இழுத்துப் புடிச்சுட்டு வேற எதையாச்சும் நெனச்சுக்கங்க. நாங்க அப்படித்தானுங்க செய்வோம்."

"தினமுமா?"

"இது கட்டறதுக்கு முன்னாடி தினமுந்தானுங்க."

செல்வி அக்கா திரும்பினார். "இவளாச்சும் சின்னப் பிள்ள சார். போன வருசம் அஞ்சாம் நம்பர் ரூம்ல ஒருத்தி முழுகாம இருந்தா. அந்த வயித்தோட முள்ளுக்காட்டுக்குள்ள போயிட்டு வருவா. பகல்ல வந்துச்சுன்னா, நீங்க இப்ப நிக்கிறீங்கல்ல, இப்பிடித்தேன் நிப்பா, எப்ப இருட்டும்னு."

தலைவரின் முகத்தில் இருந்தது வயிற்று வலி மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. செல்வி அக்கா தன் முறை வந்தபோது கதவைத் தொட்டார். பிறகு ஒதுங்கி, "நீங்க போங்க சார்" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அந்தச் சின்னப் பெண்ணும் ஒதுங்கினார்கள். சட்டத்தை வைத்தவர்களே விட்டுக் கொடுத்தார்கள். தலைவர் ஒரே பாய்ச்சலில் உள்ளே போனார்.

கதவு மறுபடி திறந்தபோது வெளியே வந்தவர் வேறு மனுஷர். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேனைப் பார்த்து நடக்கப் போனவரைச் செல்வி அக்கா நிறுத்தினார்.

"சார், அடுத்தாளுக்கு ஒரு கொடம் ரொப்பி வச்சிட்டுப் போகணும்."

பிரின்சிபால் துவைகல்லிலிருந்து எழுந்து ஓடி வந்து குடத்தைப் பிடுங்கினார். தலைவர் விடவில்லை. இருவரும் குடத்தைப் பிடித்து இழுத்ததில் பிரின்சிபாலின் பேண்ட் நனைந்தது. "விடுங்க சார், இது என் முறை" என்று சொல்லிவிட்டு, எங்கள் எதிர்காலத்தைக் கையில் வைத்திருந்த அந்தப் பேராசிரியர் குழாயடிக்குப் போய்க் குடத்தை நிரப்பி, இடுப்பில் வைக்கத் தெரியாமல் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தார். அப்புறம்தான் கேட்டார்.

"யார் கட்டினது?"

"நாங்கதாங்க சார்" என்றான் கார்த்தி. கையை விரித்துக் காட்டினான். கொப்புளம் காய்ந்து தழும்பாகியிருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பிப் போகும்போது வேனில் அவர் பேசியது ஒரே வாக்கியம். "அந்தப் போட்டோவெல்லாம் கழட்டிருங்க சார்."

அங்கீகாரம் கிடைத்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேலாகவே கிடைத்தது. எங்கள் சேவை வகுப்பைத் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். பாராட்டு விழாவில் செயலாளர் தன் தொலைநோக்கைப் பற்றி வெகுநேரம் பேசினார். நன்றியுரையை மட்டும் ஜாக்கிரதையாக வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மேடம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததே செயலாளருக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்கு ஊரில் இன்னும் சில லைன்கள் இருந்தன. மேடம் எங்காவது ஒரு மேடையேறி நன்றி சொல்லிவிடுவாரோ என்ற பயத்திலேயே ஒவ்வொன்றிலும் தானாகக் கழிப்பறை கட்டிவிட்டார்.

படிப்பு முடிந்தது. நான் பத்திரிகை வேலைக்குப் போனேன். கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு தாராபுரம் தாண்டி ஒரு கிராமம். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது மேடம் வாங்கிப் படித்து, ஊர் பேரை மட்டும் இரண்டு முறை கேட்டார். கல்யாணத்தன்று முதல் ஆளாக வந்து, எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு எவர்சில்வர் குடம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பாசமாக இரண்டு வார்த்தை சொல்வார் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "நல்லா இருங்க கண்ணு" என்றதோடு சரி. அதைத்தான் நாய்க்கும் சொல்வார் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே தற்செயலாகக் கேட்டார்.

"ஏங் கண்ணு, உங்க சொந்தத்துல குள்ளமா, கான்வாஸ் ஷூ போட்டுட்டு ஒரு அம்மா இருக்கறாங்களே, அவங்க உனக்கு என்ன முறை?"

கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னால மொபெட்டுல வந்தாங்க. வெயில்ல வந்தேன், தண்ணி குடுங்கன்னாங்க. குடுத்தேன். பொறவு கக்கூஸ் எங்கீங்கன்னு கேட்டாங்க. போனவங்க வெகு நேரமா வரலை. எட்டிப் பாத்தா, கதவுத் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டிப் பாத்துட்டிருக்கறாங்க. குழாயத் திருகிப் பாக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. யாருங்க நீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க அத்தை?"

மாமியார் சிரித்தார்.

"'கோவிச்சுக்காதீங்க, என்ற பொண்ணு வாக்கப்பட்டு வர்ற ஊடுங்க. நல்லா இருக்குதான்னு ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க'ன்னாங்க."